ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் குடலுக்குள் திறக்கும் பூட்டுகளும்

ரமலான் வந்துவிட்டால் அஸருக்குப் பிறகு நம் பள்ளிவாசல்களில் கஞ்சிச் சட்டியின் மணம் எழும்பத் தொடங்கிவிடும். திருச்செந்தூர் வட்டாரத்தில் காயல்பட்டினமானாலும் உடன்குடியானாலும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கும் காட்சி ஒன்றுதான். தமிழக அரசும் ஆண்டுதோறும் இந்தக் கஞ்சிக்கெனப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, புதினா, மல்லித்தழை, தேங்காய்ப்பால், வசதிக்கேற்பக் கொஞ்சம் கைமா. ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறினாலும் அடிப்படைச் சாமான்கள் இவைதாம்.

பகலெல்லாம் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு இதமான உணவு என்று இதைத் தலைமுறை தலைமுறையாக அருந்தி வருகிறோம். ஆனால் இந்தக் கஞ்சியில் உள்ள சில சர்க்கரைப் பொருள்களை நம் உடலால் செரிக்கவே முடியாது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டோம். அவற்றைச் செரிப்பவை நம் பெருங்குடலில் குடியிருக்கும் நன்மை தரும் பாக்டீரியாக்கள். அவையும் எந்நேரமும் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பதில்லை. எந்தச் சர்க்கரை வருகிறதோ அதற்குரிய மரபணுவை மட்டும் திறக்கும். வராவிட்டால் மூடி வைத்துவிடும். அந்தத் திறப்பும் மூடலும் எப்படி நடக்கின்றன, நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நம்மிடம் இல்லாத கத்திகள்

சர்க்கரை என்றதும் நமக்குச் சீனியும் கருப்பட்டியும்தான் நினைவுக்கு வரும். அறிவியல் பார்வையில் மாவுச்சத்தும் நார்ச்சத்தின் பெரும்பகுதியும்கூடச் சர்க்கரைகள்தாம். சின்னச் சின்னச் சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலி என்று அவற்றைச் சொல்லலாம். கண்ணிகள் எவை, எந்த முறையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சங்கிலியின் தன்மை மாறும். ஒவ்வொரு வகைப் பிணைப்பையும் வெட்டத் தனித்தனி நொதி வேண்டும். நொதி என்பது உடலும் நுண்ணுயிரும் செய்துகொள்ளும் ஒரு வகைக் கத்தி.

உணவிலுள்ள இத்தகைய சங்கிலிகளை வெட்ட மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 17 நொதிகளுக்கே குறிப்பு இருக்கிறது. அவையும் மாவுச்சத்து, சீனி, பால் சர்க்கரை ஆகியவற்றுக்கு உரியவை. நம் குடலில் வாழும் ஒரே ஒரு பாக்டீரியா இனத்தை எடுத்துக்கொள்வோம். பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாஓமைக்ரான் என்பது அதன் நீண்ட பெயர். நாம் சுருக்கமாகத் தீட்டா என்போம். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டன் குழுவினர் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதிகள் மட்டும் இதனிடம் 260க்கு மேல் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரிடம் இருக்கும் கருவிப்பெட்டி நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது.

இத்தனை கத்திகளையும் எந்நேரமும் தீட்டி வைத்திருந்தால் அந்தப் பாக்டீரியாவின் சக்தியெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு நொதியைச் செய்யவும் மூலப்பொருள் வேண்டும், ஆற்றல் வேண்டும். எனவே தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் ஏற்பாடு அதன் மரபணுக்களிலேயே அமைந்திருக்கிறது.

பூட்டு கண்டறியப்பட்ட கதை

இந்த ஏற்பாட்டை உலகுக்குக் காட்டியவர்கள் பிரெஞ்சு அறிஞர்கள். 1940களின் தொடக்கத்தில் பாரிஸில் ஜாக் மோனோ என்பவர் பாக்டீரியாக்களுக்கு இரண்டு வகைச் சர்க்கரைகளை ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். அவை இரண்டையும் கலந்து உண்ணவில்லை. குளுக்கோஸ் இருந்தால் முதலில் அதை மட்டும் உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நேரம் நின்றது. பிறகுதான் இரண்டாவது சர்க்கரையை உண்டு மீண்டும் வளரத் தொடங்கின. அந்த இடைவெளி எதற்காக? புதிய சர்க்கரைக்கு வேண்டிய நொதிகளைச் செய்துகொள்ள ஆன நேரம் அது.

1961ஆம் ஆண்டு மோனோவும் பிரான்சுவா ஜேக்கப்பும் இதன் உட்பொருளை விளக்கினார்கள். குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவில் பால் சர்க்கரைக்குரிய மரபணுக்கள் வரிசையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு புரதம் அந்த வரிசையின் வாசலில் பூட்டுப் போல அமர்ந்துகொள்கிறது. பால் சர்க்கரை உள்ளே வந்ததும் அதிலிருந்து உருவாகும் ஒரு பொருள் அந்தப் புரதத்தைப் பற்றி இழுக்க, பூட்டு விலகுகிறது. மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அப்படிப் பூட்டு விலகினாலும், பக்கத்தில் குளுக்கோஸ் நிறைய இருந்தால் வேலை மந்தமாகவே நடக்கும். இதற்காக இவ்விருவருக்கும் ஆந்த்ரே லுவோஃப்புக்கும் 1965ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்று, உரிய சர்க்கரை வந்தால்தான் பூட்டு திறக்கும். இரண்டு, எளிய சர்க்கரை பக்கத்தில் இருந்தால் கடினமான சர்க்கரைக்கான வேலை பின்னுக்குப் போகும். இனி நம் கஞ்சிச் சட்டிக்குத் திரும்புவோம்.

கஞ்சிக்குள் இருக்கும் நான்கு சர்க்கரைகள்

*சின்ன வெங்காயமும் பூண்டும்:* இவற்றில் ஃபிரக்டோஸ் கண்ணிகள் கோத்த சிறு சங்கிலிகள் இருக்கின்றன. வாழைப்பழத்திலும் ஓரளவு உண்டு. இவற்றை வெட்டும் நொதி நம்மிடம் இல்லாததால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் இவற்றை உள்ளே இழுத்து வெட்டும் மரபணு வரிசையை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். இந்தச் சங்கிலிகளையோ சீனியையோ கொடுத்தபோது அந்த வரிசை திறந்தது. குளுக்கோஸைச் சேர்த்தபோது அடங்கிப்போனது. மோனோ பார்த்த அதே இரண்டு விதிகள் இங்கேயும் இருந்தன.

*பாசிப்பருப்பு:* பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. பருப்பும் கடலையும் சாப்பிட்டால் வாய்வு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இவைதாம். இவற்றிலுள்ள ஒரு பிணைப்பை வெட்டும் நொதி மனிதக் குடலில் இல்லை. பிஃபிடோபாக்டீரியம், லாக்டோபேசில்லஸ் போன்றவற்றிடம் இருக்கிறது. புளித்த காய்கறிகளிலும் இட்லி மாவிலும் காணப்படும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற இனத்தில் இந்த நொதிக்குரிய மரபணு இவ்வகைச் சர்க்கரை வரும்போது முடுக்கம் பெறுகிறது. குளுக்கோஸ் இருந்தால் ஓரளவு தணிகிறது. பாக்டீரியாக்கள் இச்சர்க்கரைகளை உண்ணும்போது வெளிவரும் வாயுதான் வாய்வு. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் இச்சர்க்கரைகளில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். மாவைப் புளிக்கவைத்தாலும் குறையும். நம் பாட்டிமார்களின் கைப்பழக்கத்தில் இருந்த கணக்கு இது.

*வெந்தயம்:* வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று ஒரு பசை வருகிறதல்லவா? அது மேனோஸ் கண்ணிகளால் ஆன நீண்ட சங்கிலி. அதன் மேல் பக்கவாட்டில் காலக்டோஸ் கண்ணிகள் ஒட்டியிருக்கும். பாக்டீராய்ட்ஸ் ஓவேட்டஸ் என்ற குடல் பாக்டீரியாவில் இந்த வகைச் சங்கிலிக்கென்றே ஒரு தனி மரபணுத் தொகுதி இருக்கிறது. முதலில் செல்லின் மேற்பரப்பில் ஒரு நொதி சங்கிலியைத் துண்டாக்கும். துண்டுகள் உள்ளே இழுக்கப்படும். அங்கே வேறு நொதிகள் பக்கக் கண்ணிகளைக் கழற்றி மீதியை வெட்டும். எல்லாம் ஒரே இடத்து மரபணுக்களின் வேலை.

*அரிசி:* அரிசி மாவுச்சத்தின் பெரும்பகுதியை நாமே செரித்துவிடுகிறோம். கொஞ்சம் மட்டும் தப்பிப் பெருங்குடலுக்குப் போகும். செரிக்காத மாவுச்சத்து என்று இதைச் சொல்வார்கள். வடித்த சோறு ஆறினால் இதன் அளவு கூடும். பழைய சோற்றில் இது சுடுசோற்றைவிட அதிகம் இருப்பது அதனால்தான். தீட்டாவில் மாவுச்சத்துக்கென ஒரு மரபணு வரிசை இருப்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அபிகேல் சேலியர்ஸ் குழுவினர் நீண்டகாலம் ஆராய்ந்து விளக்கினார்கள். மாவுச்சத்தின் துணுக்கான மால்டோஸை ஒரு காவல் புரதம் உணர்ந்ததும் அந்த வரிசை திறக்கிறது. முழுச் சங்கிலி வாசலுக்கு வரும் முன்பே அதன் துணுக்கை மோப்பம் பிடித்துத் தயாராகிவிடுகிறது.

வேலூரில் கிடைத்த சான்று

பாக்டீரியா உண்டால் நமக்கென்ன என்று கேட்கலாம். அவை இச்சர்க்கரைகளை உண்டு அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு அமிலங்களை வெளியிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் இருந்தால் பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

இதை ஓர் உயிர்காக்கும் மருந்தாக மாற்றிக் காட்டியது நம் தமிழ்நாட்டு மருத்துவமனைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான மருத்துவர்கள் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவது குழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரமும், அரிசி மாவுக் குழுவுக்குச் சுமார் 71 மணி நேரமும் ஆயின. செரிக்காத மாவுச்சத்துக் குழுவுக்கு ஆனது சுமார் 57 மணி நேரமே. 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. நோயாளியால் செரிக்க முடியாத மாவு அவருடைய பாக்டீரியாக்களுக்கு உணவாகி, அவற்றின் அமிலம் அவர் உடலில் தண்ணீரைத் தங்கவைத்தது.

கடலிலிருந்து வந்த மரபணு

இஃப்தார் விரிப்பில் கஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றையும் பார்ப்போம். பாலிலோ இளநீரிலோ காய்ச்சித் துண்டு போட்ட கடல்பாசி. நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்ற செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார் என்ற பொருள்தான் அது. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் பலருக்கு இந்தப் பாசி சேகரிப்பே பிழைப்பு. அகாரும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் நிலத்துச் செடிகளில் இல்லாத வகை. எனவே பெரும்பாலான மனிதர்களின் குடல் பாக்டீரியாக்களிடம் அதை வெட்டும் கத்தி கிடையாது.

இங்கேதான் ஜப்பானியர்களின் கதை வருகிறது. அவர்கள் நோரி என்ற செம்பாசியைப் பல நூற்றாண்டுகளாக உண்டு வருகிறார்கள். பிரான்ஸின் ரோஸ்காஃப் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2010ஆம் ஆண்டு நேச்சர் இதழில் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கடற்பாசி மேல் வாழும் ஒரு கடல் பாக்டீரியாவில் அந்தப் பாசியின் சர்க்கரையை வெட்டும் நொதியை அவர்கள் கண்டார்கள். அதே வகை மரபணுக்கள் ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாக்களிலும் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் இல்லை. பாசியோடு ஒட்டிவந்த கடல் பாக்டீரியாவிடமிருந்து குடல் பாக்டீரியா அந்த மரபணுவை வாங்கிக்கொண்டிருக்கிறது. இருக்கும் மரபணுவைத் திறப்பதும் மூடுவதும் ஒருபுறம் இருக்க, ஒரு சமுதாயம் தொடர்ந்து உண்ணும் உணவு அதன் குடலுக்குள் புதிய மரபணுவையே கொண்டுவந்து சேர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

எளிய சர்க்கரை மட்டும் வந்தால்?

சேர்வதற்கு வழி இருப்பதுபோல இழப்பதற்கும் வழி இருக்கிறது. நம்மைக் கவலைகொள்ளச் செய்வது இதுதான். இன்றைய இஃப்தார் விரிப்பைப் பாருங்கள். கஞ்சிக் கோப்பை சிறுத்துவிட்டது. கலர் சர்பத், புட்டிக் குளிர்பானம், மைதா பலகாரம், எண்ணெயில் பொரித்தவை என்று மற்றவை பெருகிவிட்டன. நோன்பு அல்லாத நாள்களிலும் நிலை இதுதான்.

சீனியும் மைதாவும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு அவற்றிலிருந்து மிஞ்சுவது கொஞ்சமே. சீனியை அளவுக்கு மீறி எடுக்கும்போது கீழே இறங்கும் பகுதியும் நன்மை செய்வதில்லை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட எலி ஆய்வு இதைக் காட்டுகிறது. தீட்டா குடலில் நிலைத்து வாழ ஒரு புரதம் உதவுகிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வந்தால் அந்தப் புரதத்தின் உற்பத்தி நின்றுபோகிறது. அதாவது, சீனி மிகுந்த உணவில் நல்ல பாக்டீரியா தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் திறனையே இழக்கிறது.

நார்ச்சத்து அறவே வராவிட்டால் வேறொன்று நடக்கிறது. நம் குடற்சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. அதிலும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. கோர்டன் குழுவினர் 2005ஆம் ஆண்டு எலிகளில் பார்த்தபோது, தாவரச் சங்கிலிகள் கிடைக்காத தீட்டா, அவற்றுக்குரிய மரபணுக்களை அடக்கிவிட்டுச் சளிப்படலத்தை உண்ணும் மரபணுக்களைத் திறந்துகொண்டது. 2016ஆம் ஆண்டு செல் இதழில் வந்த மற்றோர் ஆய்வில், மனிதக் குடல் பாக்டீரியாக்கள் 14 இனங்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியபோது அந்தப் படலம் தேய்ந்து, நோய்க்கிருமி எளிதில் புகுந்தது. குடியிருப்பவருக்குச் சோறு போடாவிட்டால் வீட்டுச் சுவரைச் சுரண்டத் தொடங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் சோனன்பர்க் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு நம் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவைக்கிறது. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் கொண்ட எலிகளுக்கு நான்கு தலைமுறைகள் நார்ச்சத்து குறைந்த உணவைக் கொடுத்தார்கள். முதல் தலைமுறையில் குறைந்துபோன பாக்டீரியா வகைகளில் பெரும்பகுதி, நல்ல உணவு மீண்டும் வந்ததும் திரும்பிவிட்டன. தலைமுறை கடக்கக் கடக்க இழப்பு கூடியது. கடைசித் தலைமுறைக்கு நல்ல உணவை மட்டும் கொடுத்ததால் இழந்தவை திரும்பவில்லை. மூடிய பூட்டைத் திறந்துவிடலாம். பூட்டும் பெட்டியும் சேர்ந்தே தொலைந்துவிட்டால் எதைத் திறப்பது?

நம் வீடுகளில் செய்யத்தக்கவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்தி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடிப் பேர். தமிழ்நாடும் இதில் பின்தங்கிய மாநிலமல்ல. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் நாளொன்றுக்கு உணவிலிருந்து இயற்கையாகக் கிடைக்கும் நார்ச்சத்து குறைந்தது 25 கிராமும், காய்கறி பழங்கள் 400 கிராமும் எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. இதை மனத்தில் வைத்துச் சில யோசனைகளைச் சொல்கிறோம்.

பேரீச்சம்பழத்தில் சர்க்கரை அதிகம்தான். ஆனால் அது நார்ச்சத்தோடு சேர்ந்து வருகிறது. அதைக் கொண்டு நோன்பு திறந்தபின் சர்பத்துக்குப் பதில் தண்ணீரும் கஞ்சியும் போதும். கஞ்சியில் அரிசியைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் வெந்தயத்தையும் கூட்டலாம். வெங்காயமும் பூண்டும் தாராளமாகச் சேரட்டும். கடல்பாசிக்குச் சீனியை அள்ளிக் கொட்டவேண்டியதில்லை. நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் பனங்கிழங்கு, கொண்டைக்கடலை, கீரை, கொய்யா எல்லாம் பெருங்குடல் வரை போய்ச் சேரும் உணவுகள். கருப்பட்டியைப் பொறுத்தவரை ஒன்றை மறக்க வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் சுவையும் தனி. ஆனாலும் அதன் பெரும்பகுதி சீனியைப் போன்ற அதே சுக்ரோஸ்தான். நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சீனிக்கு மாற்றாக நினைத்து ஏமாறக் கூடாது.

பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் பருப்பையும் நாரையும் அதிகமாக்கினால் வயிறு உப்பும். குளுக்கோஸ் தீர்ந்த பின் மோனோவின் பாக்டீரியாக்களுக்கே அவகாசம் தேவைப்பட்டது. நம் குடலுக்கும் சில வாரங்கள் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது. நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் கஞ்சியும் அரிசி உணவே என்பதை உணர்ந்து அளவோடு குடிக்க வேண்டும். நோன்பு வைப்பது குறித்தும் மருந்து நேரம் குறித்தும் மருத்துவரை முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும். குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்கு வெங்காயமும் பூண்டும் தொல்லை தரும். அவர்களும் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நோய்க்கிருமியோடு சேர்த்து இந்த நல்ல பாக்டீரியாக்களையும் அவை கொல்லும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த உடலுக்குள் கோடானு கோடிச் சிற்றுயிர்களும் குடியிருக்கின்றன. அவற்றின் மரபணுக்களில் எவை திறக்க வேண்டும், எவை மூட வேண்டும் என்பதில் நம் சமையலறைக்கும் பங்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் சர்பத் தம்ளரை நோக்கிக் கை நீட்டும் முன் அவர்கள் கையில் ஒரு கோப்பைக் கஞ்சியைக் கொடுத்துப் பழக்குவோம்.